நான் கட்டிய கம்பி

மச்சான்,

இந்தச் சின்னப் புத்தகத்தைப் பிரித்ததும் பெட்ரோல் வாடைதான் முதலில் வந்தது. மரம் அறுக்கும் மிஷினோடு கடைக்காரர் கொடுத்த புத்தகம். அட்டையில் உன் கட்டைவிரல் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. இத்தனை வருடம் உன் வீட்டுப் பரணில், மிஷினோடு சேர்ந்து, அது வந்த பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. போன மாதம் உன் வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, அவரே போயிட்டாரு. இது எதுக்கு எடத்த அடைச்சிக்கினு? நீ எடுத்துக்கினு போ" என்று பெட்டியோடு கொடுத்துவிட்டாள்.

நான் இப்போது படிக்கிறேன், மச்சான். சிரிக்காதே. முதலியார்பேட்டையில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. அறுபத்தெட்டு வயதில் நோட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முதலில் தீப்பெட்டி படித்தேன். பிறகு மாத்திரை அட்டை, கடைப் பலகை. ஒருநாள் லாஸ்பேட்டை வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் பட்ட பெயரையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். "பெருசு, எறங்கற எடத்தையும் படிச்சிட்டு எறங்கு" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். இதுவரை எழுதுவதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது. அதுவும் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் இந்தப் புத்தகத்தையும் பிரித்தேன். பிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

பெரிய புயல் அடித்த வருடம் உனக்கு மறந்திருக்காது. தெருவுக்கு நாலு மரம் சாய்ந்து கிடந்தது. நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ரம்பத்தை இழுத்து, ஒரு வீட்டை முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரர் வந்து நிற்பார். அப்போதுதான் மிஷின் வாங்கப் போனோம். கடைக்காரர் சின்னதாக ஒன்றை எடுத்து உன் கையில் கொடுத்தார். "தோட்டத்து மரத்துக்குக் கெளை கழிக்க இது போதும்ணே. கனம் கம்மி, கை சலிக்காது" என்றார். நீ தூக்கிப் பார்த்தாய். உனக்குப் பிடித்திருந்தது. உன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"இன்னா மச்சான், மீனு அரியப் போறியா?" என்று கேட்டவன் நான். "பெருசா எடு. பாக்கறவன் மதிக்க வாணாமா?"

"நீ சொன்னா செரி" என்று கீழே வைத்துவிட்டாய்.

கிளம்பும்போது கடைக்காரர் இந்தப் புத்தகத்தை நீட்டினார். தமிழிலும் இருக்கிறது, படித்துவிட்டு மிஷினைத் தொடுங்கள் என்றார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்றேன் நான். நம் இருவருக்கும் கைநாட்டுதான். நீ அதை மறைக்கவே மாட்டாய். "சொல்தா வீட்டு மதாம் கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கலாம்டா" என்றாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் வீடு. அந்த அம்மா நமக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பியதில்லை. ஆனால் படிக்கத் தெரியாது என்று அவர் முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் உன்னிடம், "டீக்கடைல படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். எண்ணெ ஊத்து, தொடச்சி வெய்னு போட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

நான் யாரிடமும் கேட்கவில்லை, மச்சான்.

மூன்றாம் நாளே மிஷின் மக்கர் செய்தது. முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் தகடு நிற்குமே, அதில் கை பட்டால் அது முன்னால் சாயும், செயின் நின்றுவிடும். பழுது என்று நினைத்தோம். கடைக்குக் கொண்டுபோகலாம் என்றாய் நீ. போனால் புத்தகத்தைப் படித்தீர்களா என்று கேட்பாரே என்று எனக்குப் பயம். கட்டுக்கம்பியால் தகட்டைக் கைப்பிடியோடு இழுத்து முறுக்கிக் கட்டினேன். அதற்குப் பிறகு மிஷின் நிற்கவே இல்லை. "பாத்தியா மெக்கானிக்க" என்று பீற்றிக்கொண்டேன். ஆயுத பூஜைக்கு நீ மிஷினுக்குச் சந்தனம் வைத்தபோது அந்தக் கம்பிக்கும் சேர்த்து ஒரு பொட்டு வைத்தாய்.

சொல்தா வீட்டு மாமரத்தில்தான் அது நடந்தது. நீ ஏணியில் நின்று, தலைக்கு மேல் இருந்த கிளையை அறுத்தாய். மிஷினில் செயின் சுற்றி ஓடும் பட்டையின் நுனி பின்னால் இருந்த கிளையில் இடித்தது. மிஷின் எகிறித் திரும்பி உன் மேலேயே வந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே கிழிந்துவிட்டது.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "என் கை தப்புடா. கெட்டியா புடிச்சிருக்கணும். உன் பொழப்பையும் சேத்து கெடுத்துட்டேன்." அந்தக் கை அதன் பிறகு ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்கவில்லை. யார் கேட்டாலும் அதையேதான் சொன்னாய். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

ஒன்பதாம் பக்கம், மச்சான். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். "பட்டையின் நுனியால் அறுக்கக் கூடாது. ஏணியில் நின்றும், தோளுக்கு மேல் தூக்கியும் அறுக்கக் கூடாது. முன்கைப்பிடித் தகடுதான் பிரேக். மிஷின் பின்னால் எகிறினால் அது சாய்ந்து சங்கிலியை நிறுத்தும். அதைக் கழற்றாதீர்கள், கட்டாதீர்கள்." நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் முழுப் பக்கம் அது.

மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து, குறட்டால் கம்பியை வெட்டினேன். கம்பி துருப்பிடித்து, அது இறுக்கிய இடத்தில் பிளாஸ்டிக்கில் பள்ளம் விழுந்திருந்தது. தகட்டை முன்னால் தள்ளினேன். 'டக்' என்றது. செயினை இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை.

புத்தகத்தோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடைப் பொய், கம்பி, எல்லாம். பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவள் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "கடைசி வரைக்கும் என் கை தப்பு, என் கை தப்புன்னுதானே அண்ணா செத்தாரு" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து உன் படத்துக்குக் கீழே பாயை இழுத்துப் போட்டாள். "இங்க குந்து. அவரு காதுல உழற மாதிரி இன்னொரு வாட்டி படி" என்றாள்.

படித்தேன். எழுத்துத் தடுக்கிய இடத்தில் நின்று நின்று படித்தேன். உன் கை தப்பு இல்லை, மச்சான். அது புத்தகத்தில் இல்லாத வரி. அதை நானே சேர்த்துப் படித்தேன்.

இப்போது தெருவில் எங்கே மிஷின் சத்தம் கேட்டாலும் போய் நிற்கிறேன். தகட்டைக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். கட்டியிருந்தால் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைப் படித்துக் காட்டுகிறேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் பெருசு" என்கிறார்கள். தெரியும் என்றுதான் நாமும் சொன்னோம் என்பேன்.

அதுவும் பொய். நாம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.