எல்லா அப்பாவும் டாக்டர்

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை, செங்கல் மேல் நின்று ஆடுகிற நம் வாஷிங் மிஷின் எல்லோரும் அவரவர் அளவில் சுகம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். போனை யாரும் எடுக்கவில்லை என்று பயந்து மாடிவீட்டுக்காரரிடம் விசாரித்தாயாமே. கோபம் ஒன்றும் இல்லையடா, என் போனும் அம்மா போனும் துவைக்கப்பட்டுவிட்டன. சிரிக்காதே, அதற்கும் வருகிறேன்.

சின்னவள் விஷயத்தைப் போனில் உனக்குப் பாதிதான் சொன்னேன். பரீட்சையில் "என் தந்தை" என்று கட்டுரை. பள்ளிக்கூடத்தில் முன்னாலேயே ஒரு மாதிரிக் கட்டுரை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், உன் காலத்திலும் அதேதான், பிள்ளைகள் அதை உருப்போட்டுத் தாளில் இறக்கிவைக்க வேண்டும். அந்தத் தந்தை ஒரு மருத்துவர், அதிகாலையில் எழுகிறார், உடற்பயிற்சி செய்கிறார், ஏழைகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறார். வகுப்பு மொத்தமும் அப்படியே எழுதிவிட்டது. ஆக ரொட்டிக்கடைக்காரர் டாக்டர், தையல்காரர் டாக்டர், தண்ணீர் லாரிக்காரரும் டாக்டர். தெரு நிறைய இத்தனை டாக்டர் இருந்தும் போன மாதம் உன் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. உன் தங்கை மட்டும் உள்ளதை எழுதித் தொலைத்திருக்கிறாள். "என் அப்பா ஊரில் உள்ள வாஷிங் மிஷின்களை எல்லாம் சரிசெய்வார், எங்கள் வீட்டு மிஷினுக்கு மட்டும் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார், கேட்டால் அடுத்த வாரம் என்பார், எங்கள் வீட்டில் அடுத்த வாரம் மட்டும் வந்ததே இல்லை" என்று போகிறது. அப்புறம் என் குறட்டைக்கு ஒரு பத்தி. கடைசியில், "யார் வீட்டு மிஷினைத் திறந்தாலும் உள்ளே சிக்கியிருக்கும் பொத்தான், கொண்டை ஊசி, சில்லறை எல்லாவற்றையும் துடைத்து அந்த வீட்டம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் அப்பா படி இறங்குவார்" என்று முடித்திருந்தாள். அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், தூசி என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மார்க் பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில் "மாதிரிப்படி இல்லை."

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டீச்சரம்மாவைக் குறை சொல்லமாட்டேன், மேஜையில் அவர் முகம் தெரியாத உயரத்துக்குத் தாள்கட்டு, நல்லாத்தான் சார் எழுதியிருக்கா, நான் சிரிச்சுட்டேன், ஆனா எந்த வரிக்கு எவ்வளவு மார்க்குன்னு எனக்குக் குடுத்திருக்கிற தாள்ல உங்க செங்கலுக்கு இடமே இல்லையே என்று பாவமாகச் சொன்னார். தலைமையாசிரியர்தான் ஒரு கடுதாசியை நீட்டினார். இனி என் மகள் பள்ளி தரும் மாதிரிக் கட்டுரையையே எழுதுவாள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் பிரிவிலிருந்து எடுத்துக் கடைசிப் பிரிவில் போட்டுவிடுவார்கள். யோசிச்சு வெள்ளிக்கிழமை வாங்க சார், ஒரே ஒரு கையெழுத்துதானே என்றார். நீயும் போனில் அதையேதான் சொன்னாய், ஊரோட ஒத்துப் போங்கப்பா, மார்க்குதான் முக்கியம், நானெல்லாம் அப்படிப் படிச்சுத்தானே மேல வந்தேன் என்று. நீ மேலே வந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இந்தத் தெருவில் காது உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது நீ ஒரு செய்தி அனுப்பினாய். "தங்கள் உடல்நிலை விரைவில் சீரடைய எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்." கண்ணில் கட்டோடு படுத்திருந்தவளுக்குச் சின்னவள்தான் வாசித்துக் காட்டினாள். அவ்வளவுதானா, கீழே இன்னும் ஏதாவது இருக்கும், நல்லாப் பாருடி என்றாள் உன் அம்மா. கீழே ஒன்றும் இல்லை. நீ அழுதிருப்பாய், தூங்காமல் இருந்திருப்பாய், எனக்குத் தெரியும். அதை எழுத உனக்கு யாரும் மாதிரி அச்சடித்துத் தரவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான், அந்த டாக்டர் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாக நடந்து உருப்போடுவதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே சட்டம் போட்டேன். விளக்கு வைத்ததும் வீட்டில் எல்லோரும் மேஜைக்கு வர வேண்டும், அன்று கண்ணால் பார்த்ததை அரைப் பக்கம் எழுத வேண்டும், மறுநாள் முதலில் அதைப் படித்து அடித்துத் திருத்திவிட்டுத்தான் புதுசு. அப்புறம்தான் கணக்கு, அறிவியல் எல்லாம். போன்கள் அதுவரை வாஷிங் மிஷின் வயிற்றுக்குள், மூடி போட்டு. உன் அம்மா முதல் நாள் எழுதியது, "இன்று மழை வந்தது. துணி நனைந்தது. உங்க அப்பா எடுக்கவில்லை." இதில் எதை அடிப்பது என்று சின்னவளுக்கே தெரியவில்லை. என் அரைப் பக்கத்தில் ஒரே ஒரு முற்றுப்புள்ளிதான் இருந்ததாம், மூச்சு வாங்க எங்க நிக்கிறதுப்பா என்று கேட்டாள். கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் நன்றாகவே எழுதிவிட்டேன், அந்த மிதப்பில் எழுந்து வேலைச் சட்டையைக் கழற்றி மிஷினில் போட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டேன். உள்ளே கடகடவென்று சத்தம். பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டு, கேட்டியா, பேரிங் போயிடுச்சு, நான் அப்பவே சொன்னேன் என்று உன் அம்மாவிடம் விளக்கினேன். அவள்தான் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்க போன் எங்க என்றாள். இத்தனை வருஷத் தொழில் அனுபவம் அந்த நுரைக்குள் போயிற்று.

போன் போனதற்கு முன்னாலேயே, தலைமையாசிரியர் சொன்ன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போனேன். வாசலில் சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, போட்டுடுப்பா, டாக்டர்னே எழுதிடறேன், அவளை விட்டுட்டு வேற வகுப்புல என்னால உட்கார முடியாது என்றாள். அவள் என்றால் தையல்காரர் மகள், இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்த மாதிரி. ஒரு நிமிஷம் மனசு ஆடிப்போயிற்று, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் சின்னவள் கண்ணைப் பார்த்தேன், போடு என்று வாய் சொல்கிறது, போட்டுவிடுவாரோ என்று கண் பயப்படுகிறது. தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தே கொடுத்தார். அச்சடித்த வரியைக் குறுக்கே அடித்தேன். கீழே எழுதினேன். "என் மகள் எழுதியதைப் படித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. செங்கல் இன்றும் அங்கேதான் இருக்கிறது. குறட்டையை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறாள்." அதற்குக் கீழே, நல்லா முழுசாக, கையெழுத்துப் போட்டேன். இதை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது என்றார். படிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமையே கடைசிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நான் வென்றுவிட்டேன் என்று உன்னிடம் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. அன்று வந்து பையைக் கூடப் போடாமல் அழுதாள், சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிய தள்ளு இருக்கிறதே, அப்படியே உன் அம்மா. ஆனால் விளக்கு வைத்ததும் மேஜைக்கு வந்துவிட்டாள். புது வகுப்பு ஜன்னலில் கண்ணாடி இல்லாததையும், பக்கத்துப் பெண் தன் ஸ்கேலைப் பாதி உடைத்து இவளுக்குக் கொடுத்ததையும் எழுதினாள். எழுதினதை நீட்டி, இந்தாப்பா, உன்னாலதான் என்றாள். அது திட்டா பாராட்டா என்று நான் கேட்கவில்லை. இப்போது தையல்காரர் மகளும் சாயங்காலம் இங்கே வந்துதான் எழுதுகிறாள். அவர் நேற்று என்னை வழிமறித்து, அண்ணே, என்னைப் பத்தி ஏதும் எழுதுறாளா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நாங்க டாக்டரைப் பத்தி எழுதறதில்ல என்றேன். அடுத்த பரீட்சையிலும் சின்னவளுக்குப் பூஜ்யம் வரலாம். வரட்டும். மற்றப் பாடங்களை ஒழுங்காகப் படிக்கிறாள், இது ஒன்றில் நான் இறங்கி வருவதாக இல்லை, நீ சொன்னாலும் சரி, உன் முதலாளி சொன்னாலும் சரி.

புதுப் போன் வாங்க நீ பணம் அனுப்பாதே, கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும். அதற்குப் பதில் நீ ஒன்று செய். அரைப் பக்கம் எழுது. உன் மேஜையில் என்ன இருக்கிறது, பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், நீ சமைப்பது வாயில் வைக்கும்படி இருக்கிறதா, அம்மாவை எப்போது நினைக்கிறாய், எதுவானாலும் சரி, தப்புத்தப்பாக இருந்தாலும் சரி. மாதிரிக் கடிதம் எதையாவது பார்த்து எழுதினால் சின்னவள் சிவப்பு மையோடு காத்திருக்கிறாள். அம்மாவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, உன் கடிதத்தைத் தானே படிக்க வேண்டுமாம், கீழே கடைசி வரி வரைக்கும். நோய்நொடி இல்லாமல், நினைத்ததைச் சொல்லும் வாயோடும் எழுதும் கையோடும் நீ நன்றாக இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, கிடைத்ததை நின்றுகொண்டே தின்னாதே.

இப்படிக்கு,
டாக்டர் அல்லாத
உன் அப்பா