தபீத்தாளின் சாட்சி

ஆரணி,
17.8.1986

அன்புள்ள தம்பி தேவநேசனுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்று அப்படி எழுத முடியவில்லை. குவைத்தில் நீங்கள் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

என் வீட்டுப் பின்கட்டில் குடியிருப்பவர்களின் குடும்ப விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. இம்முறை தலையிடுகிறேன். உங்கள் மனைவி எப்சிபாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். மறைவாக எழுதும் வழக்கம் எனக்கில்லை.

உங்கள் மகள் தபீத்தாளுக்கு உடம்பு சரியில்லை. எப்சிபா எழுதும் கடிதங்களில் அது இருக்காது.

பள்ளி திறந்ததிலிருந்து பார்க்கிறேன். கேட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் நின்று குனிந்து செருப்பு வாரை மாட்டுகிறாள். இதென்ன ஒழுங்கு, புதுச் செருப்பு வாங்கக்கூடாதா என்று கடிந்துகொண்டேன். கையில் வாங்கிப் பார்த்தால் வார் நன்றாகவே இருந்தது. மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் குனிகிறாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க பெரிம்மா, சாட்சி பொய்யாப் பூடும்" என்றாள்.

நான்கு வயதில் வேலூரில் இருதய ஆபரேஷன் ஆனதிலிருந்து, ஒவ்வொரு ஸ்தோத்திரப் பண்டிகையிலும் எப்சிபா அவளைச் சபைமுன் நிறுத்தி, நீலம் பாரித்த பிள்ளை பூரண சுகமானதைச் சாட்சி சொல்கிறாள். பூரண சுகம் என்று சொன்னபின் மறுபடி டாக்டரிடம் காட்டுவது அவிசுவாசம் என்று, வருஷந்தோறும் வரச்சொன்ன பரிசோதனையையும் நிறுத்திவிட்டாள். உங்களுக்கு இது தெரிந்திருக்காது.

சென்ற வாரம் இருவரையும் விடாப்பிடியாக டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். அன்று இருதயத்திலிருந்த ஓட்டையை அடைத்தது நன்றாகவே இருக்கிறதாம். நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியை அகலப்படுத்தியபோது, அங்குள்ள வால்வு முழுதாக மூடாமல் போயிருக்கிறது. போன இரத்தம் திரும்பி வந்து வந்து, இத்தனை வருஷத்தில் இருதயத்தின் வலப்பக்கம் வீங்கிவிட்டது. யார் தவறும் இல்லை, இந்த ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு, இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும், தாமதித்தால் இருதயம் தாங்காது என்றார்.

எப்சிபா வழியெல்லாம் அழுதாள். "சபையே பார்த்துகினு இருக்குதுங்களே, நான் விசுவாசத்துல தவறிட்டேன்னு பேசுவாங்களே" என்றாள். பேசட்டும், பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள் அன்றைக்காவது விழித்திருப்பார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அவரு வேலூருக்குப் போன்னு சொன்னா போறேங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே உடனே தந்தி கொடுங்கள். போ என்ற ஒரு சொல் போதும். லீவு கிடைத்தால் வாருங்கள். கிடைக்காவிட்டால் வேலூருக்கு நான் துணை போகிறேன். அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

தபீத்தாளுக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதுங்கள். அடுத்த மாதம் பண்டிகை வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்தோத்திரப் பாட்டின் ஓர் அடியை இடையில் மூச்சு விடாமல் பாடிப் பழகுகிறாள். என் அறைக்குக் கேட்கிறது. முடியவில்லை, மறுபடி தொடங்குகிறாள். மறுபடி நோய் வருவது கர்த்தரை ஏமாற்றுவதாகாது என்று அவளுக்கு எழுதுங்கள். நான் சொன்னால் பாடம் நடத்துகிறேன் என்று நினைக்கிறாள். அப்பா கையெழுத்தில் வந்தால் நம்புவாள்.

கர்த்தர் உங்களைக் காத்து, உங்கள் மகள் வாசல்வரை ஓடிவந்து உங்களை அழைக்கும் நாளை நான் பார்க்கக் கிருபை தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் குடும்பத்தின் நலம் நாடும்
ரோசம்மாள்