‘பதறாதீங்க’வுக்குப் பின்னால் ஏறிய இசை

அன்புள்ள ஜெயசீலி அக்கா,

இன்று 2006 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. உங்க குரலில் ஆறு பாடங்கள், நாற்பத்தெட்டுத் திரைகள் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. நீங்க காய்ச்சலில் இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும். உங்க குரலைத் தூக்கிவிட்டு வேறு ஆளை வைத்துப் பதியலாம் என்கிறார் முதலாளி.

காரணம் இருக்கிறது. கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண்களுக்காக நாம் செய்த சிடி பாடத்தைப் போன வாரம் குஜிலியம்பாறையில் ஓட்டிப் பார்த்தோம். நாலாவது பாடத்தில், “பிறந்த குழந்தைக்கு உடம்பு சில்லிட்டுப் போனால் பதறாதீங்க” என்று சொல்லி நிறுத்துவீங்களே. அப்புறம்தானே, “தாயின் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்று வரும்? பாதிப் பேர் அதைக் கேட்கவே இல்லை. கேள்வி வந்ததும், “வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்” என்ற விடையை அமுக்கினார்கள்.

முருகேஸ்வரி என்று ஒரு பணிப்பெண். “ஏங்க்கா, பேச்சு இன்னும் இருக்குல்ல, அதுக்குள்ள ஏன் அடுத்ததுக்குப் போனீங்க?” என்று அவரிடம் கேட்டேன்.

“பாட்டு வந்துருச்சே தம்பி. ரேடியோல பேச்சு முடிஞ்சாத்தான பாட்டுப் போடுவாய்ங்க?”

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். “விடுடி. பெயிலானது அவரு மெசினு, வையிறது நம்மள.”

சரியாகத்தான் சொன்னார். நம் மென்பொருளில் குரல் நின்றால் பின்னணி இசை தானாக ஏறும், குரல் வந்தால் இறங்கும். மற்றவர்கள் வாசிக்கும்போது விடும் இடைவெளி சின்னது, அதற்குள் இசை தலைதூக்காது. நீங்களோ மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசித்துப் பழகியவர். ஒரு வாக்கியம் சொல்லி, அந்த உயரக் கூரையில் எதிரொலி அடங்கும் வரை நின்று, அப்புறம்தான் அடுத்தது. பெட்டி மாதிரி இருக்கும் நம் பதிவு அறையிலும் அதையே செய்தீங்க.

“யக்கா, இங்க எதிரொலியே கிடையாது. சட்டுபுட்டுன்னு வாசிங்க” என்பேன்.

“ஏலே அப்பு, கேக்குறவ மண்டைக்குள்ள எறங்க வேணாமா? செத்த நேரம் பொறு. ஒனக்குச் சோத்தக்கூட நின்னுக்கிட்டே திங்கணும்.”

முதலாளி சொல்கிறார்: “அந்த இடைவெளிய வெட்டி எறி, இல்ல வேற பொண்ண வச்சு எடு.” ஒரு பாடத்தில் வெட்டிப் பார்த்தேன். பஸ் பிடிக்க ஓடுகிறவர் பேசுவது போல் இருந்தது. அது நீங்க இல்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன்.

தப்பு உங்க நிறுத்தத்தில் இல்லை, இசை ஏறும் இடத்தில். ஒவ்வொரு திரையிலும் கடைசி வாக்கியம் முடியும் இடத்தைக் கையால் குறித்துவிட்டேன். அதைத் தாண்டினால்தான் இசை மெல்ல ஏறும். அதுவரை கீழேயே கிடக்கும். நடுவில் யாராவது ‘அடுத்து’ பட்டனை அமுக்கினால் உங்க குரல் வெட்டுப்படாது, அரை நொடியில் தணிந்து போகும். பட்டனைப் பூட்டவில்லை. இரண்டாம் முறை படிக்கிறவர்களைக் கட்டிப்போட்டால் எரிச்சல்தான் வரும். எனக்கே வரும்.

இசையை இறக்கியதும் நீங்க மூச்சு இழுப்பது தெளிவாகக் கேட்கிறது. அதை விடவா, எடுக்கவா? யாரிடம் கேட்பது?

சண்டை போட்டு இன்னொரு சோதனைக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். இனி செய்யப்போவது:

1. திங்கட்கிழமை ரெட்டியார்சத்திரம். புதுப் பெண்கள், ஏனென்றால் பழையவர்களுக்கு விடை தெரிந்துவிட்டது. நான் வாயே திறக்க மாட்டேன்.

2. எல்லோரும் ‘ஆஸ்பத்திரி’ என்று அமுக்கினால், ஆறு பாடமும் உங்க குரலில்தான் போகும். முதலாளி கத்தட்டும்.

3. நீங்க வாசிக்காமல் விட்ட ஏழாவது பாடத்துக்கு உங்க பழைய சொற்களை வெட்டி ஒட்ட மாட்டேன். நீங்க சொல்லாததை உங்க வாயில் வைக்க எனக்கு உரிமை இல்லை. வேறொருவர் வாசிப்பார்.

4. ஒரே ஒருத்தர் ‘வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்’ என்று அமுக்கினாலும், உங்க குரலை நானே எடுத்துவிடுவேன். சில்லிட்டுக் கிடக்கிற பிள்ளையைவிட எனக்கு உங்க குரல் பெரிசில்லை. உங்களுக்கும் இருக்காது.

உங்க கூடப் பிறக்காத தம்பி,
கண்ணன்