ஆறாவது விரல்

மார்ச் 4
இன்று பதினோரு ஸ்கேன். கழுத்து விட்டுப்போய்விட்டது. எந்தக் குழந்தையானாலும் இருபது விரலையும் எண்ணாமல் நான் விடுவதில்லை. அதற்காகப் பெரிய டாக்டர் எனக்கு ‘விரல் எண்ணி’ என்று பட்டம் கட்டியிருக்கிறார். கட்டட்டும்.

மார்ச் 6
இருபத்திரண்டு வாரக் கர்ப்பிணி. தலைச்சன். சிறுநீரகம் இரண்டும் கெட்டிருக்கிறது, பிறந்தாலும் தங்காது என்று வேறு இடத்தில் சொல்லிவிட்டார்களாம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது — இரண்டும் பெரிதாக, வெளேரென்று. ஆனால் பனிக்குட நீர் குறையவில்லையே? குழந்தை கழிக்கும் சிறுநீர்தானே அது; சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் வற்றியிருக்க வேண்டுமே.

டாக்டர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, அதேதான், எழுதிவிடுங்கள் என்றார். குழந்தையோ கையை மூடியே வைத்திருந்தது. எண்ணாமல் எப்படி எழுதுவது? அந்தப் பெண்ணைக் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னேன். மூன்று தடவை நடந்தாள், பாவம். மூன்றாவது தடவை கை விரிந்தது. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அடுத்த கையிலும். கால்களிலும்.

டாக்டரைக் கையோடு அழைத்து வந்தேன். வெகுநேரம் திரையையே பார்த்தார். “இது வேற ஏதோ மரபணுக் கோளாறு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றார். பனிக்குட நீரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.

மார்ச் 15
முடிவு வரவில்லை. வீணா ஆசை காட்டிட்டேனோ? தப்பாப் போனா அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?

மார்ச் 27
வந்துவிட்டது. பார்டெட்–பீடில் என்ற மரபணுக் கோளாறு; கூடுதல் விரல்கள் அதன் அடையாளம். மிக அரிதாக வருவது. பார்வை நாளாவட்டத்தில் மங்கும், உடம்பு பருக்கும், சிறுநீரகத்தை ஆயுளுக்கும் கவனிக்க வேண்டும். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்.

“என் பிள்ளை பிழைச்சுக்கும்தானே?”

பிழைக்கும் என்றார். புருஷன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பெற்றுக்கொள்வதென்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டுபிடித்தது நான். நானேதான்.

ஜூலை 9
பெண் குழந்தை. அழுகை வராந்தாவரை கேட்டதாம்.

ஆகஸ்ட் 20
சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று பார்க்க அவளைத் தூக்கி வந்திருந்தார்கள். வயிற்றில் கருவியை வைத்ததுதான் தாமதம், என் வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். அம்மாக்காரி பதறிப்போய்த் துணியைத் தேடினாள்.

“விடும்மா, போகட்டும்” என்றேன்.

நேரே டாக்டர் அறைக்குப் போய், நனைந்த கோட்டைக் காட்டிவிட்டு வந்தேன்.