நிலைப்படிக்கு முன்னால் ஒரு கோடு

மச்சான்,

அக்காவைப் பார்த்துப் போகலாம் என்று வந்து உங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். காலையில் கொடியிலிருந்து என் சட்டையை எடுத்து உதறினேன். பையிலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகையில் பொன்னமராவதி முழுக்கப் பனி மூடிவிட்டது. "மறுபடி சாக்பீஸோட ஊறப்போட்டியாடா?" என்றாள் அக்கா.

அந்தப் பனிக்குள் நீங்கள் நிற்கிறீர்கள். விராலிமலை மண்டபத்தின் நிலைப்படியில், கையில் சந்தனக் கிண்ணத்தோடு.

உங்கள் மகள் கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்த தாய்மாமன் சீரில் நூறு யானை, ஆயிரம் குதிரை என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறேன். நிஜத்தில் இருபத்தொரு தட்டும் ஒரு மேளமும். பெண்ணின் அப்பா வெளியே வந்து, சந்தனம் பூசி, மாமனை உள்ளே அழைத்துப்போக வேண்டும். நீங்கள் நிலைப்படி வரை வந்தீர்கள். அங்கேயே கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் சிரிப்பும் இல்லை.

உங்களுக்குப் பார்க்கின்சன் என்பது எல்லோருக்கும் தெரியும். 'கை கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்' என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன மகா வைத்தியர் நான்தானே.

பின்னால் நின்ற என் சித்தப்பா முணுமுணுத்தார். "மூஞ்சியப் பாத்தியா? ஒன் மச்சானுக்குச் சீரு பத்தலயாம். படி தாண்ட மாட்டேங்கிறாரு."

நான் சும்மா இருந்திருக்கலாம். தட்டைத் தலைக்கு மேல் தூக்கி, "மச்சான், ஒட்டகமெல்லாம் பின்னாடி வருது, அதுவரைக்கும் இதை வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றேன். மேளக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் உதடு அசைந்தது. குரல் எப்போதோ மெலிந்துபோயிருந்தது, மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் உங்கள் தம்பி வந்து கிண்ணத்தை வாங்கி எனக்குச் சந்தனம் பூசினார்.

அடுத்த வாரம், மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து என்னை உட்காரவைத்தீர்கள்.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு தெரியுமா மாப்ளே? கால் வரலன்னு சொன்னேன்."

"அட, விடுங்க மச்சான். ஒண்ணுமில்ல, நடுக்கந்தானே."

"இந்தப் பேச்சுதான். ஆடுற கை ஒங்களுக்குத் தெரியுது. சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம் ஆகுறது தெரியுதா? பெரண்டு படுக்கணும்னா ஒங்க அக்காவை எழுப்புறேன். மீன் கொழம்பு வாசம் தெரிஞ்சு மூணு வருஷமாச்சு. இம்புட்டும் ஒண்ணுமில்லன்னா, நான் எங்கிட்டுப் போயிச் சொல்றது?"

நோயில் இறுகி அசையாத அந்த முகத்தில் கண் மட்டும் நிறைந்திருந்தது.

தரையில் கோடு போட்டுத் தாண்டச் சொன்னால் சில நேரம் கால் வரும் என்று உங்களுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மா சொன்னதும் சாக்பீஸும் கையுமானேன். ஒவ்வொரு நிலைப்படிக்கு முன்னாலும் கோடு. கால் வந்த நாளில் ராஜாதிராஜன் பராக் என்று கத்தினேன். வராத நாளில் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் ஆயுளிலேயே நான் செய்த கடினமான வேலை அதுதான்.

நீங்கள் போய்ச்சேர்ந்த பிறகும் கனவில் வருகிறீர்கள். மீமிசல் கடற்கரை வரை ரோடெங்கும் கோடு போட்டுக்கொண்டே நான் முன்னால் போகிறேன். கிண்ணம் சிந்தாமல் ஒவ்வொன்றாகத் தாண்டி வருகிறீர்கள். கடல் தெரிவதற்கு முன்பே, "மீன் வாசம் அடிக்குது மாப்ளே" என்கிறீர்கள்.

போன வாரம் மருந்துக்கடை வாசலில் ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். "ஒண்ணுமில்லப்பா, சும்மா நடங்க" என்று அவர் மகன் கையைப் பிடித்து இழுத்தான். நான் குனிந்து அவர் காலுக்கு முன்னால் ஒரு கோடு போட்டேன். ஒட்டகக் கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவர் உதடு அசைந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"கால் வரலங்க."

"தெரியுதுங்க" என்றேன். "வர்றப்ப வரட்டும். நான் நிக்கிறேன்."