கண்டக்டரின் நான்கு படங்கள்

21 நவம்பர் 1979, புதன். அரியலூர்.

இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு நான் திரும்பியபோது, இவர் என் ஓவிய நோட்டை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அதைத் தொடவே மாட்டார்.

"யாரு இந்தாளு?" என்றார்.

தா.பழூர் பஸ் கண்டக்டர் என்றேன். தினமும் நான் போய்வரும் பஸ். கம்பியில் சாய்ந்து டிக்கெட் கிழிக்கும்போது அந்த ஆளின் கழுத்து வளையும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லவில்லை.

"பென்சில்ல ஒண்ணு, மையில ஒண்ணு, கலர்ல ஒண்ணு, கரியில ஒண்ணு. நாலு தடவையும் இவனேதானா?"

"ஒரே ஆள வரைஞ்சாத்தாங்க எதுல எப்படி வருதுன்னு தெரியும்."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் எனக்கே பொய் போலக் கேட்டது.

நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப என்னை வரை."

கரித்துண்டை எடுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. அவரும் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். பாதியில் அவர்தான் கண்ணைத் தாழ்த்தினார். அதை அப்படியே வரைந்துவிட்டேன்.

வாங்கிப் பார்த்தார். "நான் என்ன, இப்படிப் பயந்தவனாட்டமா இருக்கேன்?"

"இப்ப அப்படித்தாங்க இருந்தீங்க."

கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டார்.

இன்னும் தூங்கவில்லை. புரண்டுகொண்டே இருக்கிறார். கூப்பிட்டால் திரும்புவாரா, தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.