ஆனி முடிவதற்குள்

ஜூன் 22, ஞாயிறு

மண்டியில் தக்காளி வரத்து குறைவு. பழம் பிரிக்க எட்டுப் பேர் போதும் என்றார்கள். ஒன்பதாவதாக நின்ற நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இவர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியில் பெட்டி ஏற்றும்போது விழுந்து, காலில் பிளேட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாமல் உழைப்பது அந்த ஃபேன் ஒன்றுதான்.

சாயங்காலம் பக்கத்து வாசலிலிருந்து ராணியம்மாள் வந்தார். வீட்டுக்காரம்மா. மூன்று மாத வாடகை நிற்கிறது. கத்தவில்லை.

"ஆனி முடியறதுக்குள்ள வூட்டைக் காலி பண்ணிக்க பானு. ஆடியில யாரும் குடி வரமாட்டாங்க. அப்பறம் இன்னொரு மாசம் நான் எதை வெச்சு ஓட்டறது?"

அவருக்கும் சோறு, சர்க்கரை மாத்திரை எல்லாம் இந்த வாடகைதான். அது தெரிந்ததால் மனதுக்குள் திட்டக்கூட முடியவில்லை. ஜூலை 16 வரைக்கும் ஆனி. இருபத்து நாலு நாள்.

ஜூன் 25, புதன்

ஈ.பி. ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார். பில் கட்டாதவர் அவர்தான் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டே போனார், பாவம். சுசித்ரா பரீட்சை அட்டையால் அப்பாவுக்கு விசிறிக்கொண்டே பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள்.

ஜூன் 28, சனி

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

ராணியம்மாளுக்கு எழுதத் தெரியாது. சுசித்ராவைக் கூப்பிட்டு, அட்டையில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். இவளும் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி, மூலையில் ஒரு பூவும் போட்டுக் கொடுத்துவிட்டாள்!

"நம்ம இருக்கற வூட்டுக்கா பூப் போட்ட?"

"கேட்டாங்கம்மா. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

சிரித்துவிட்டேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அட்டை கேட்டில் தொங்குகிறது.

ஜூலை 1, செவ்வாய்

மண்டியில் சென்னம்மாள் ஒரு வழி சொன்னாள். அவள் போகும் சர்ச்சில் அவசர உதவி நிதி இருக்கிறதாம். எந்தச் சாமி கும்பிட்டாலும் தருவார்களாம், ஆனால் வீட்டை விட்டு வெளியேறும் நிலை என்று உறுதியாக வேண்டும். வாடகையை வீட்டுக்காரருக்கும் பில்லை ஈ.பி.க்கும் நேராகக் கட்டிவிடுவார்கள். பொறுப்பு சவுரியப்பன் சார், ரிட்டயர்டு வாத்தியார். மனு எழுதிக் கொடுத்தேன். கேட்டுப் பழக்கமில்லாத கை, கூசியது.

ஜூலை 5, சனி

விசாரிக்க சார் நேரில் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஃபைல். அவரைத் தெருமுனையில் பார்த்ததும் ராணியம்மாள் அட்டையைக் கழற்றி முந்தானைக்குள் மறைத்ததை நான் பார்த்தேன்.

காலி பண்ணச் சொன்னீர்களா என்று சார் கேட்டார்.

"நானுங்களா? பானு எனக்குப் பொண்ணு மாதிரிங்க. பொட்டப்புள்ளைய வெச்சிருக்கறவள வெளிய போன்னு சொல்லுவனா?"

சரி, அவர் சொன்னார். நான் என்ன செய்தேன்? "ராணிம்மா தங்கமானவங்க சார்" என்றேன். மூன்று பேரும் காபி குடித்தோம். சார் சந்தோஷமாகக் கிளம்பினார்.

ஜூலை 9, புதன்

போன் வந்தது. வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லவில்லை என்பதால் மனுவைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். இருக்கிற பணம் நாளைக்கே தெருவுக்கு வருகிறவர்களுக்குத்தானாம். அப்போ நாங்க யாரு?

நேரே ராணியம்மாளிடம் போய்ச் சத்தம் போட்டேன். என்கிட்ட சொல்லத் தெரியுது, அவர்கிட்ட சொல்ல வாய் வரலையா என்று கேட்டேன். ஆறு வருஷத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

"பெரிய மனுசன் முன்னாடி எப்படி பானு சொல்றது, நான் தொரத்தறேன்னு?"

மரியாதை பார்த்தே வீட்டை விட்டுவிட்டோம், இரண்டு பேரும்.

ஜூலை 11, வெள்ளி

பாத்திரங்களைச் சாக்கில் கட்டினேன். சுசித்ராவின் புத்தகங்களை மட்டும் கட்டவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ராணியம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கெளம்பு" என்றார், அவ்வளவுதான். சர்ச்சில் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் நடுவில், வாசலில் போட்டிருந்த சாரின் மேஜைமேல் அந்த அட்டையை வைத்தார்.

"நாந்தாங்க காலி பண்ணச் சொன்னது. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டன். வாடகை வரலைன்னா எனக்கு மாத்திரை இல்லீங்க."

எனக்குப் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை. சார் அட்டையைத் திருப்பிப் பார்த்து, யார் எழுதியது என்று கேட்டார்.

"இவ பொண்ணுதாங்க."

சார் அந்தப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபைலைத் திறந்தார்.

திரும்பும்போது ரோடு தாண்ட ராணியம்மாள் என் கையைப் பிடித்தார். தாண்டிய பிறகும் விடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மூன்று மாத வாடகையும் ராணியம்மாள் கணக்கில் ஏறிவிட்டது. பில்லும் கட்டியாயிற்று. ஃபியூஸ் வந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டார், ஓரத்தில் ஈரம். அடுத்த மாதத்திலிருந்து மண்டி கேட்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலை இவருக்கு. அது போதும், வாடகை நிற்காது.

சாக்கை அவிழ்த்தேன்.

ஜூலை 17, வியாழன், ஆடி ஒன்று

எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் வாசலில் நெருப்பு மூட்டித் தேங்காய் சுடுவோம். ராணியம்மாள் எங்களுக்கும் சேர்த்துத் தேங்காய் வாங்கியிருந்தார். சுசித்ரா தேங்காயின் கண்ணைத் துளைத்து வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் போட்டுக் குச்சியைச் செருகினாள். வாசலில் மூட்டிய நெருப்பு பிடிக்கவில்லை. விறகு ஈரம். ராணியம்மாள் உள்ளே போய் அந்த அட்டையை எடுத்துவந்து விசிற ஆரம்பித்தார். புகையில் பூ கறுத்துக்கொண்டிருந்தது.

கடத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பைக்கை நிறுத்தி, இங்கே வீடு காலியாக இருப்பதாகச் சொன்னார்களே என்று கேட்டார்.

"ஆடியில யாருங்க குடி மாறுவாங்க?" என்றார் ராணியம்மாள்.

ஆவணியில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார் அவர்.

"ஆவணியிலயும் இல்லீங்க" என்றார், விசிறுவதை நிறுத்தாமல்.